ஏழாம் சீட்

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி காலையில் மட்டும்தான். உன் தொண்டைக்கட்டு சரியாயிற்றா? சுடுதண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னாள் அம்மா. சோம்பல்படாமல் செய்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. விளையாட்டுப் பூங்காவில். அங்கே 'கழுகு' என்று ஒரு ராட்டினம் இருக்கிறது. பன்னிரண்டு சீட், இரண்டிரண்டாக. முதலில் சும்மா சுற்றும், அப்புறம் மேலே தூக்கிச் சாய்த்துவிடும். இறங்குகிறவர்களிடம் ஒரு நோட்டை நீட்டி, எப்படி இருந்தது என்று எழுதி வாங்குவதுதான் என் வேலை. பேசவே வேண்டாம். நோட்டையும் பேனாவையும் நீட்டினால் போதும், அவர்களே புரிந்துகொண்டு எழுதுகிறார்கள். எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருக்கிறது.

எல்லாரும் இங்கிலீஷில்தான் எழுதுகிறார்கள். ஒன்பதாவதோடு நின்றதில் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், அர்த்தம்தான் வராது. ஒரு வார்த்தை மட்டும் பக்கத்துக்குப் பத்துத் தடவை வருகிறது. எக்ஸைட்டிங். மேனேஜர் வாராவாரம் அந்த வார்த்தையை எண்ணி வாசல் பலகையில் எழுதுகிறார். போன வாரம் 'கழுகு 64' என்று இருந்தது. எந்த ராட்டினத்துக்கு அதிகமோ அந்த ஆட்கள் வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் சீக்கிரமாக வீட்டுக்குப் போகலாம்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இங்கே யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நோட்டு வைத்திருக்கிறவளுக்கே தெரியாதா என்பார்கள். நீ எழுது.

உன்,
பூனை


ஜூன் 12

என் பூனைக்குட்டிக்கு,

தொண்டை திறந்துவிட்டது. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருக்க முடியுமா? மூன்று நாள் சைகையிலேயே ஓட்டினேன். வந்தவர்கள் எல்லாம் எனக்குத்தான் பல் வலி என்று நினைத்துவிட்டார்கள்.

நீ கேட்ட வார்த்தைக்குத் தமிழில் ஒரே சொல் போட முடியாது. விறுவிறுப்பான, பரபரப்பான, மெய்சிலிர்க்க வைக்கிற. இடத்துக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் பந்தில் ஜெயிக்கிற ஆட்டம் எக்ஸைட்டிங். முதல்முறை தனியாக ரயில் ஏறுவது எக்ஸைட்டிங். உள்ளே படபடவென்று அடிக்கும், ஆனால் அடுத்து என்ன என்று பார்க்க ஆசையாகவும் இருக்கும். ரிசல்ட் வரும் நாளையும் அப்படிச் சொல்லலாம், ஒழுங்காகப் படித்தவர்கள். என் மாதிரி ஆட்களுக்கு அது வயிற்றுக்கலக்கம்.

ஒரு விஷயத்தில் கவனம். ராட்டினம்தான் எக்ஸைட்டிங். ஏறுகிறவர் எக்ஸைட்டட். மாற்றிச் சொன்னால் ஆளைப் பார்த்து நமக்கு மெய்சிலிர்க்கிறது என்று ஆகிவிடும்.

கிளினிக்கில் இதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

நோட்டோடு நிறுத்திக்கொள். மெஷின் பக்கம் போக மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தானே சேர்ந்தாய்? அதை மறக்காதே. அம்மாவைப் படி ஏறவிடாதே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். சனிக்கிழமை எங்கள் மேனேஜர் எல்லாரையும் நிற்க வைத்து, "இந்த வாரம் எழுபத்தொண்ணு! ஐ ஆம் வெரி எக்ஸைட்டிங்!" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டிக்கெட் கிழிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் சிரிப்பதால் சிரிப்பு அக்கா என்றே பெயர். "ஏன்டி சிரிக்கிறே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே காரணம் தெரியாமல் அவரும் சிரித்தார்.

இங்கே ஒரு முறை இருக்கிறது, சொல்கிறேன். ராட்டினத்தை ஓட்டுகிறவர் விசில் மாமா. அவர் இருக்கிற மேடையிலிருந்து சீட்டெல்லாம் தெரியாது. அதனால் ஒன்றிலிருந்து ஆறு வரை ஒருவர், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒருவர், மடி மேல் வருகிற தடுப்புக் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். இரண்டு கையும் மேலே போனால்தான் விசில் அடித்து ஓட்டுவார். முதல் பக்கம் சிரிப்பு அக்கா. அந்தப் பக்கம் வேறொருத்தர்.

இத்துடன் தனித்தாளில் போன வார நோட்டிலிருந்து இருபது வரிகளை, கோழி கிறுக்கினது மாதிரி, அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தை வருகிற நீளமான வரிகளாகப் பொறுக்கினேன். எது சரியாக எழுதியது என்று டிக் போட்டு அனுப்பு. சும்மா இருக்கும் நேரத்தில் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசை.

உன்,
பூனை


ஜூலை 6

பூனைக்கு,

அம்மாவும் நீயும் நலம்தானே. நான் சுகம். முதலில் இதைப் படி, மற்றது அப்புறம்.

நீ அனுப்பிய தாளில் பதினான்காவது வரி. நீ எழுத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாய், என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அதைத் தமிழில் எழுதுகிறேன்:

"உயரே போனபோது ஏழாம் சீட்டில் என் தங்கையின் கம்பி தானாகத் திறந்துகொண்டது. கீழே வரும்வரை நான் அவள் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப எக்ஸைட்டிங்!"

இதையும் சேர்த்துத்தான் உங்கள் மேனேஜர் எழுபத்தொன்று என்று பலகையில் எழுதியிருக்கிறார்.

கடிதம் கைக்கு வந்ததும் பூங்கா ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆளிடம் விஷயத்தைச் சொன்னேன். "மேடம், அது கருத்து நோட்டு. நல்லாத்தானே எழுதியிருக்காங்க?" என்றார். கம்பி திறந்திருக்கிறது சார் என்றேன். "எக்ஸைட்டிங்னு எழுதியிருக்காங்கல்ல? அது புகார்ல வராது, பாராட்டுல வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

நம் வீட்டில் போன் இல்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வர ஐந்து நாள் ஆகும். அதற்குள் அந்தச் சீட்டில் எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள் என்று நினைத்தால் எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. படித்தவுடன் போய் மேனேஜரிடம் சொல். சொல்ல வராவிட்டால் இந்தக் கடிதத்தையே நீட்டு.

இன்னொன்று. அந்தப் பக்கத்துக் கம்பியைப் பார்க்கிற 'வேறொருத்தர்' யார்? அவரிடமும் சொல்.

அக்கா


ஜூலை 19

பூனைக்கு,

சுகம்தானே? உன் பதில் வரவில்லை. தபால்காரர் தினமும் எங்கள் டாக்டருக்குப் பல் விளம்பரம் மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார். அவரைப் பார்த்தாலே என் முகம் மாறுகிறதாம். "நான் என்னம்மா பண்ணுவேன், எழுதினாத்தானே கொண்டாருவேன்" என்றார் நேற்று.

ஒரு வரி போதும். சொன்னாயா, இல்லையா?

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இங்கே ஒரு வாரமாக மழை. அம்மாவின் முழங்கால் வீங்கி இறங்கியது. என் செருப்பு பிய்ந்து புதிது வாங்கினேன், கடிக்கிறது. பக்கத்து வீட்டுப் பூனை நம் சமையலறையில் குட்டி போட்டிருக்கிறது. மூன்று. அம்மா விரட்டுகிற மாதிரி விரட்டிவிட்டுப் பால் வைக்கிறாள்.

நீ சொன்னபடி மேனேஜரிடம் சொல்லப் போனேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்றேன். "என்ன?" என்று கண்ணாலேயே கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று வந்துவிட்டேன். மறுநாளும் போனேன். அன்றைக்கு அறை பூட்டியிருந்தது.

மழையானதால் ராட்டினம் அவ்வளவாக ஓடவில்லை. கவலைப்படாதே.

உன்,
பூனை


ஜூலை 27

பூனைக்கு,

அம்மாவின் காலுக்கு ஒத்தடம் கொடு.

செருப்பு, மழை, குட்டி, எல்லாம் எழுதியிருக்கிறாய். நான் கேட்டதை எழுதவில்லை. அந்தப் பக்கம் கை தூக்குகிறவர் யார்?

நீ எதை மறைத்தாலும் அதைச் சுற்றி ஊரையே எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா? சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம்.

நான்தான்.

ஜூன் பாதியிலிருந்து சனி, ஞாயிறுகளில் கூட்டம் தாங்கவில்லை என்று என்னை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்கள். அம்மாவிடம் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போய் நின்றுவிட்டேன். உன்னிடம் எழுதினால் திட்டுவாய் என்று எழுதவில்லை.

அந்தப் பதினான்காவது வரி ஜூன் இருபத்திரண்டாம் தேதி எழுதியது. அன்று ஞாயிறு. அந்தத் தங்கையின் கம்பியை இழுத்துப் பார்த்தது என் கை. 'டக்' என்று சத்தம் கேட்டது, கையைத் தூக்கினேன். இறங்கி வந்து அவளுடைய அக்கா எழுதும்போது விரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்தேன். அவர் எழுதியதில் அந்த வார்த்தையைக் கண்டுபிடித்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

உன் கடிதம் வந்தபிறகு, யாரும் இல்லாத நேரம் ஏழாம் சீட்டுக் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒரு தடவை இழுத்தால் வராது. இரண்டு தடவைக்கும் வராது. மூன்றாவது தடவை கையோடு வந்துவிடுகிறது. உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது போல.

அக்கா, நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரை ஏழாம் சீட்டில் ஊற்றிவிடுகிறேன். மத்தியானம் மறுபடி ஊற்றுகிறேன். ஈரம் என்று யாரும் உட்காருவதில்லை. வாயைத் திறக்காமல் நான் கண்டுபிடித்த வழி அதுதான். விசில் மாமா நேற்று மேலே அண்ணாந்து பார்த்து, "எங்கிருந்துதான் ஒழுகுதோ இந்த ஒரு சீட்டுல மட்டும்" என்றார். நான் நோட்டில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. எழுதாதே.

உன்,
பூனை


ஆகஸ்ட் 11

என் பூனைக்குட்டிக்கு,

நலமாக இரு. அம்மாவையும் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் கோபம் வந்தது. அப்புறம் நீ சொம்பைத் தூக்கிக்கொண்டு காலையில் ஓடுவதை நினைத்துப் பார்த்தேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தண்ணீர் காய்ந்துவிடும். வெயில் அடிக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் கூடத் தாங்காது.

டாக்டரிடம் லீவு கேட்டிருக்கிறேன். இருபத்திரண்டாம் தேதி புறப்பட்டு வருகிறேன். நானே வந்து அந்த மேனேஜரிடம் பேசுகிறேன். அதுவரை வேலைக்குப் போகாதே. காய்ச்சல் என்று சொல்லிவிடு. நீ அந்தப் பக்கம் நிற்கவே வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வருமோ வராதோ. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. போகாதே என்று எழுதியிருந்தாய். இரவெல்லாம் யோசித்தேன். நான் போகாவிட்டால் அந்தப் பக்கம் வேறு யாரையாவது நிற்க வைப்பார்கள். அவர்கள் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கை தூக்குவார்கள். நானும் அப்படித்தானே தூக்கினேன். அதனால் போனேன்.

ஞாயிறு நல்ல வெயில். நாலு மணிக்குக் கூட்டம் கேட் வரை நின்றது. காலையில் ஊற்றியதும் மத்தியானம் ஊற்றியதும் காய்ந்து, கொஞ்சம் ஈரம்தான் மிச்சம் இருந்தது. ஒருவர் தன் பெண்ணோடு ஏறினார். ஏழெட்டு வயது இருக்கும். ஏழாம் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்து, "தண்ணிதானே, கடிச்சா தின்னப்போகுது?" என்று அவளை உட்காரவைத்துவிட்டு, அவர் எட்டில் உட்கார்ந்தார்.

கம்பியை இறக்கினேன். 'டக்' என்றது. இழுத்தேன். இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கையோடு வந்துவிட்டது. அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏன் திறக்கிறீங்க? மூடுங்க, சீக்கிரம்" என்றாள். மூடினேன். பிறகு என் இடத்துக்கு வந்து நின்றேன்.

சிரிப்பு அக்காவின் கை மேலே போனது. விசில் மாமா விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தூக்கவில்லை.

"என்னம்மா, கை வலிக்குதா? தூக்கு."

தூக்கவில்லை.

"பொண்ணு நின்னுக்கிட்டே தூங்குது பாருங்கப்பா" என்று வரிசையில் யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டது. ஆனால் அக்கா, கையைத் தூக்காமல் நிற்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்பது வருஷம் அதைத்தானே செய்தேன்.

மேனேஜர் வந்தார். "என்ன நாடகம் இது? கையைத் தூக்கு."

"ஏழு, சார்."

"ஏழுக்கு என்ன?" குனிந்து கம்பியை ஒரு தடவை இழுத்தார். "கெட்டியாத்தானே இருக்கு?"

"மூணு தடவை இழுத்தா வந்துடுது சார்."

"மூணு தடவை யார் இழுக்கப்போறா?"

"மேல போனா அதுவே இழுக்கும் சார்."

அவர் வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "இத்தனை நாளா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? ஒண்ணும் ஆகாது. தூக்கு, நான் சொல்றேன்ல?"

"அப்ப நீங்க உக்காருங்க சார்" என்றேன்.

அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. சத்தமாகக் கூடச் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் சீட்டில் இருந்தவருக்குக் கேட்டுவிட்டது. அவர் மேனேஜரைப் பார்த்தார். வரிசையில் முதலில் நின்றவரும் கேட்டிருக்க வேண்டும். "ஆமா சார், ஒரு சுத்து போய்ட்டு வாங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

மேனேஜர் கம்பியின் மேல் கையை வைத்தார். மேலே அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எனக்கு பிரஷர் இருக்கு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எட்டாம் சீட்காரர் தன் கம்பியைத் திறந்துகொண்டு எழுந்து, பெண்ணைத் தூக்கிக் கீழே விட்டார். ஒன்பது இறங்கியது. பன்னிரண்டு இறங்கியது. சிரிப்பு அக்கா பக்கமும் இறங்கினார்கள். அவர் அப்போதும் கையைத் தூக்கியபடியே நின்றார், இறக்க மறந்துவிட்டார்.

விசில் மாமா மேடையிலிருந்து வந்து மண்டியிட்டு ஏழாம் கம்பியை இழுத்தார். அவர் இழுத்த இழுப்புக்கு இரண்டாவது தடவையே வந்துவிட்டது. வெகுநேரம் கொக்கியையே பார்த்தார்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?"

"ஒரு மாசமா."

"ஏன்மா என்கிட்ட சொல்லலை? நான்தானேம்மா ஓட்டுறேன்?"

மேனேஜரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு அடி தூரத்தில் இருந்த விசில் மாமாவிடம் சொல்லலாம் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. உனக்கும் தோன்றவில்லை, இல்லையா அக்கா?

மறுநாள் மெக்கானிக்குகள் வந்து பன்னிரண்டு கொக்கியையும் கழற்றினார்கள். ஏழு தேய்ந்து முனை இல்லாமல் இருந்தது. பதினொன்றும் பாதி தேய்ந்திருந்ததாம். பதினொன்றும் என் பக்கம். அதில் நான் தண்ணீர் ஊற்றியதே இல்லை. ஒரு சனி ஞாயிறுக்கு எத்தனை சுற்று, எத்தனை வாரம் என்று கணக்குப் போட உட்கார்கிறேன். பாதியில் எழுந்துவிடுகிறேன்.

மேனேஜர் நோட்டை வாங்கிக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போம்மா, சொல்லி அனுப்பறேன்" என்றார். சொல்லி அனுப்ப மாட்டார் என்று சிரிப்பு அக்கா சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அம்மாவிடம் இன்று காலை சொன்னேன். வாயால் சொல்ல வராமல், மேலே எழுதியிருப்பதை அப்படியே படித்துக் காட்டினேன். மெஷின் பக்கம் நின்ற இடம் வந்ததும் அம்மா கையை நீட்டி நிறுத்தச் சொன்னாள். காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "படி" என்றாள். முடித்த பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

கடைசியில், "அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு சுத்து கூடப் போகலைன்னு தரையில விழுந்து புரண்டு அழுதுச்சும்மா. அவங்கப்பாவால சமாளிக்கவே முடியல. கேட் வரைக்கும் கத்திக்கிட்டே போச்சு."

"நல்லா அழட்டும்" என்றாள் அம்மா.

உன்,
பூனை